பக்கத்தில் எதை வைப்பது?

ஒக்டோபர் பிறந்தால் கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்துக் கல்லூரி நூலகங்களில் ரெஜிபோம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். இலங்கையில் அது தேசிய வாசிப்பு மாதம். மேசைக்கு வெள்ளைத் துணி, பிரிஸ்டல் போட்டில் ஒரு வாசகம், அதன் கீழே இருப்பதிலேயே தடித்த புத்தகங்கள். அதிபர் நாடா வெட்டுவார், படம் எடுப்பார்கள். "தொட வேண்டாம்" என்ற துண்டும் சில இடங்களில் இருக்கும். மாதம் முடிய, எவரும் புரட்டாத அந்தப் புத்தகங்கள் அப்படியே இறாக்கைக்குத் திரும்பும்.

இறாக்கை இருக்கும்போது மேசை எதற்கு? இறாக்கையில் புத்தகம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னதுதான் வேண்டும் என்று வருபவருக்கு அது போதும். எதைத் தேடுவது என்றே தெரியாமல் வரும் உயர்தர வகுப்புப் பிள்ளைக்கு அது வெறும் சுவர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. வாசகருக்கு நூலை எடுத்துக் கொடுக்க எல்லா நூலகர்களும் பழகியிருக்கிறார்கள். நூலுக்காக வாசகரைத் தேடிப் போவதுதான் பெரும்பாடு. காட்சி மேசை அதற்கானது.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: இறாக்கை பிரித்து வைப்பதைச் சேர்த்து வைப்பது. டூயி நூல் பகுப்பில் இந்து சமயத்துக்கு 294.5, இஸ்லாத்துக்கு 297. இடையில் சொராஸ்திரியம், யூதம் போல வேறு சில. நம் பாடசாலைகளில் அவற்றுக்கு நூல்கள் அபூர்வம் என்பதால் இந்து சமயமும் இஸ்லாமும் பல இடங்களில் தோளோடு தோள் உரசித்தான் நிற்கும். ஆனால் ஒரு பிள்ளை தன் சமயத்தின் இலக்கத்தோடு நின்றுவிடும், அடுத்த பிள்ளை அங்கிருந்துதான் தொடங்கும். எங்கள் தமிழ், முஸ்லிம் ஊர்களும் ஏறக்குறைய இப்படித்தான். வீரமுனையை ஒட்டிச் சம்மாந்துறை, கடற்கரைப் பக்கம் போனால் காரைதீவு, வடக்கே சாய்ந்தமருது, கல்முனைக்குடி. எல்லை தெரியாத அளவுக்குப் பக்கம் பக்கம்.

வீரமுனையில் ஒரு மேசையை நான் அடுக்குவதானால் காரைதீவில் பிறந்த விபுலாநந்தரின் 'யாழ் நூ'லை முதலில் எடுப்பேன். 1947இல் வெளிவந்தது. இசை என்பதால் அது 780களில் கிடக்கும். அடுத்தது எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்'. அது வரலாற்று அலுமாரியில். பிறகு கல்முனைக்குடி எம். ஏ. நுஃமானின் கவிதைகள், 894.811இல். இந்தக் கரையோடு ஒட்டியவற்றை மூன்று மூலைகளில் பிரித்து வைத்திருக்கிறது பகுப்பு. அது பகுப்பின் குற்றமில்லை, அதன் வேலையே பிரிப்பதுதான். சேர்த்து வைக்க ஒரு ஆள் வேண்டும்.

சேர்ப்பதில்தான் கை நடுங்குகிறது. 1990 ஓகஸ்ட் இந்தக் கிழக்குக் கரைக்கு மறக்கக்கூடிய மாதமா? காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இதில் ஒன்றைப் பற்றிய நூலை மட்டும் மேசையில் வைத்தால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். இரண்டையும் வைத்தால் இரு பக்கத்திலிருந்தும் பெற்றோர் வந்து நிற்கலாம். ஆகவே பத்திரமாக அப்துல் கலாமின் படத்தை ஒட்டிவிடுகிறோம். நானும் நூலகராக இருந்தால் அதைத்தான் செய்வேனோ என்னவோ. ஆனால் அந்த மேசையும் மௌனமாக இல்லை. இங்கே பேசுவதற்கு எதுவும் நடக்கவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சேர்த்து வைத்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அதைப் பற்றி எழுந்த கவிதைகளில் மிகுதியாகப் பேசப்பட்டவற்றுள் ஒன்று நுஃமானின் 'புத்தரின் படுகொலை'. கல்முனைக்குடி முஸ்லிம் ஒருவர், யாழ்ப்பாணத்து நூலகத்துக்காக, எரித்தவர்கள் வணங்கிய புத்தரையே பிணமாகக் கிடத்திப் புலம்பினார். தமிழர் இழப்பென்று அவர் தள்ளி நிற்கவில்லை, பௌத்தத்தை எதிரியாக்கவும் இல்லை. சேர்த்து வைக்கக்கூடாது என்று எல்லாரும் நினைக்கும் மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்தார். தனியாக நிற்கும் ஒரு துயரம் தன் ஆட்களோடு மட்டுமே பேசும். இன்னொன்றின் பக்கத்தில் நிற்கும்போதுதான் அது எல்லாரோடும் பேசத் தொடங்குகிறது. மேசை அடுக்குகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கைநூலிலும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அந்தக் கவிதையை 'யாழ் நூ'லுக்கு அருகில் திறந்தபடி வைக்கலாம். "தொட வேண்டாம்" துண்டைக் கிழித்துவிட்டு, மேசையில் இருக்கும் எதையும் அன்றைக்கே இரவல் கொடுக்கலாம். ரெஜிபோம் செலவும் மிச்சம். ஒன்று போனால் விழும் இடைவெளியை நூலகர் நிரப்ப வேண்டாம். எடுத்துப் போகிற பிள்ளையையே பதிலுக்கு ஒன்று கொண்டுவந்து வைக்கச் சொல்லலாம். அவள் தன் இலக்கத்துக்குப் போகிறாளா, அடுத்த இறாக்கைக்குப் போகிறாளா என்று மாதம் முழுக்கப் பார்த்துக் குறித்துக்கொண்டால், நாடா வெட்டும் படத்தைவிட அதிபருக்குக் காட்டத்தக்க ஒன்று கையில் இருக்கும்.