ஆடுகிற லாடம்



இந்த மாட்டுப் பொங்கல் திருப்பலிக்கு இன்றைய நற்செய்தியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். லூக்கா 13. பதினெட்டு ஆண்டுகள் கூனிக் கிடந்த ஒரு பெண்ணை இயேசு ஓய்வுநாளில் நிமிர்த்துகிறார். தொழுகைக்கூடத் தலைவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவருக்குப் பதில் சொல்ல இயேசு திருச்சட்டத்தைப் புரட்டவில்லை, மாட்டுக் கொட்டிலுக்குப் போகிறார். ஓய்வுநாள்தானே என்று மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டாமல் விட்டுவிடுவீர்களா என்று கேட்கிறார். மாடு வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொட்டி காய்ந்தால் மாடு கத்தும், கிழமை பார்க்காது.

கொட்டில் வரைக்கும் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம் குனிந்து மாட்டின் காலைப் பார்ப்போம்.

ஆற்று மணலில் நடக்கிற மாட்டுக்கும் ஏர் உழுகிற மாட்டுக்கும் லாடம் தேவையில்லை. பாரம் ஏற்றிய வண்டியோடு தார்ரோட்டில் ஏறும்போதுதான் குளம்பு தேயும். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு, ஆக எட்டு லாடம். குதிரைக்கு நாலே நாலு. குதிரை நின்றபடியே காலைக் கொடுக்கும், லாடக்காரர் அதைத் தன் தொடை மேல் வாங்கிக்கொள்வார். மாடு அப்படிக் கொடுக்காது. கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

சிறுவயதில் சந்தை மைதானத்தில் பள்ளிக்கூடத்தை மறந்து இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். லாடம் அடிக்கிற பெரியவர் வாயில் நாலைந்து ஆணிகளைக் கவ்விக்கொண்டிருப்பார். உளியால் குளம்பின் அடியைச் சீவுவார். தேங்காய்க் கீற்றுப் போல விழுகிற சீவலைத் தெருநாய்கள் கவ்விக்கொண்டு ஓடும். பிறகு தகட்டை வைத்து ஆணி இறக்குவார். குளம்பின் ஓரம் நம் நகம் மாதிரி, வலி தெரியாது. ஒரு நூல் உள்ளே தள்ளிப் போனால் உயிருள்ள சதை. கெட்டியான ஓரத்தில் இறங்கும் ஆணிக்கு ஒரு சத்தம், சதைப் பக்கம் சாயும் ஆணிக்கு வேறு சத்தம். சத்தம் மாறினால் அடித்த ஆணியை அப்படியே பிடுங்கிவிடுவார். காசு கொடுப்பவர் அவசரப்பட்டாலும் கேட்கமாட்டார்.

அவரிடம் ஒருநாள், “ஏன் தாத்தா, இவ்வளவு இறுக்கி அடிச்சும் லாடம் கழண்டுடுது?” என்று கேட்டேன்.

“குளம்பு வளருது, இரும்பு வளரல” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். குதிரையின் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவி, மறுபடி அடிக்கிறார்கள். நாள் தள்ளிப் போட்டால் குளம்பு லாடத்தை மீறிப் பரவும், ஆணி தளரும். மழையில் ஊறி வெயிலில் காய்ந்தால் ஆணித்துளை அகலும். சில குதிரைகள் தம் பின்னங்காலாலேயே முன்னங்கால் லாடத்தை மிதித்துப் பிடுங்கிவிடும். லாடம் விழுந்தால் குதிரை கெட்டது என்றோ, லாடக்காரர் ஏமாற்றினார் என்றோ நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும், பார்க்க வேண்டிய நாளில் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் காரணம்.

நம் தமிழ்நாட்டிலேயே இப்படிப் பார்க்காமல் விடுவது ஒருகாலத்தில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: இங்குள்ள அரசர்கள் அரபு நாட்டுக் குதிரைகளை ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் ஆண்டுதோறும் பொன் கொடுத்து வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறு கூடத் தேறுவதில்லை. குதிரையைப் பேணும் விதம் தெரியாது, லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவரும் இல்லை. குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்டவரை அழைத்து வருவதில்லை, தாமாக வருகிறவரையும் வரவிடுவதில்லை. குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு யார் வாங்குவார்கள்? வெளியூர்க்காரர், கணக்கைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் வியாபாரியின் மனதை அவர் சரியாகவே படித்திருக்கிறார்.

பொன் இருந்தது, குதிரை இருந்தது. குனிந்து காலைத் தூக்கிப் பார்க்க ஆள் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் பங்குகள் ஞாபகத்துக்கு வந்தன. தேருக்கு நன்கொடை சேர்கிறது, மைக் செட் மாறுகிறது, புதுநன்மைக்கு முப்பது பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்கிறார்கள். பத்து வருடம் கழித்து அந்த முப்பதில் எத்தனை பேர் வருகிறார்கள்? வராத பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்கிறோம். பிள்ளை வளர்ந்திருக்கிறது. ஒன்பது வயதில் அடித்த ஆணி பத்தொன்பது வயதுக் காலில் ஆடத்தான் செய்யும்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். குருவான புதிதில், பூசைக்கு வராமல் இருந்து ஒருநாள் வந்த ஓர் இளைஞனைப் பீடத்தில் நின்றபடி குத்திக்காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் வீட்டில் அந்த மாதம் என்ன நடந்திருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆணி சதையில் போய்விட்டது. சத்தம் மாறியது எனக்குக் கேட்கவில்லை. அவன் அப்புறம் வரவே இல்லை.

லாடக்காரர்களுக்குத் திருச்சபையில் ஒரு பாதுகாவலர் உண்டு: புனித எலிஜியுஸ். ஏழாம் நூற்றாண்டு, பிரான்ஸ் நாடு, பொற்கொல்லராக இருந்து ஆயரானவர். உதைக்கிற குதிரையின் காலைத் தனியே கழற்றி, லாடம் அடித்து, திரும்பப் பொருத்திவிட்டார் என்று ஒரு கதை. நம்மூர்ப் பெரியவருக்கு அந்த வசதி இல்லை, உதையை வாங்கிக்கொண்டுதான் வேலை பார்த்தார். பாதம் கழுவ இயேசு குனிந்தபோதும் பேதுரு காலை இழுத்துக்கொள்ளத்தானே பார்த்தார்!

திருமுக்கூடல்காரர்களான உங்களுக்கு இப்படிக் கிட்டே போய்ப் பார்ப்பது புதிதல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இந்தக் கரையில், பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கிட்டத்தட்ட 950 ஆண்டுப் பழமை. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலைக்கான, அதாவது மருத்துவமனைக்கான, ஏற்பாடு அதில் இருக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளிக்குப் பணிவிடை செய்யப் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் கூலி குறித்திருக்கிறார்கள். கட்டடத்தோடு நிறுத்தாமல், தினமும் கிட்டே போய்ப் பார்க்கிறவருக்கும் நெல் அளந்திருக்கிறார்கள்.

பூசை முடிந்ததும் வெளியே வந்து மாடுகளை மந்திரிக்கிறேன். கொம்புக்கு வண்ணம் தீட்டி, கழுத்துக்கு மாலை போட்டு அழகாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஆனால் வேப்பமரத்தடியில் வெள்ளைக் காளை ஒன்று நிற்கிறதே, வலது பின்னங்காலை ஊன்றாமல்? நான் உள்ளே வரும்போதே பார்த்தேன், வெளிப்பக்க லாடம் ஆடுகிறது. அது யார் வீட்டு மாடு?