சொம்பை ஏந்தினால் கௌரவம் குறையுமா?

மார்கழி பிறந்ததுமே கோயில் பாராயணக் குழுவில் பேச்சு எழும். 'தை மாச அன்னதானத்துக்கு அரிசி சேர்க்கணும். நாலு பேர் சொம்பை எடுத்துண்டு வீதி பஜனைக்கு வாங்கோ' என்பார்கள். நீங்களோ, 'மாமி, ஒரு சிப்பம் அரிசி வேணும்னா வாங்கித் தந்துடறேன். தெருவிலே வந்து நிக்க மட்டும் சொல்லாதேள்' என்று நழுவிவிடுகிறீர்கள்.

தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்கிற கூச்சம்தானே, தாயே? அரிசியைவிட அந்தக் கூச்சத்தைத்தான் சுவாமி முதலில் கேட்கிறார்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் திருக்கண்டியூர் இருக்கிறது. அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவபெருமானின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. சகல உலகத்துக்கும் படியளக்கிறவர், கபாலத்தை ஏந்தி வாசல் வாசலாக நடந்தார். அந்தச் சாபம் தீர்ந்தது இந்தத் தலத்தில்தான் என்பது ஐதீகம். இங்கே எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்கு அரன் சாபம் தீர்த்த பெருமாள் என்றே திருநாமம். பரமேசுவரனே பிட்சாடனராக நின்ற பிறகு, நமக்கு என்ன வெட்கம்?

அங்கிருந்து சற்றுத் தொலைவில் திருவையாறு. சத்குரு தியாகராஜ சுவாமிகள் (1767-1847) திருமஞ்சன வீதியில் வாழ்ந்தார். மன்னர் சரபோஜி அனுப்பிய பொன்னையும் பொருளையும் அவர் ஏற்கவில்லை என்பார்கள். ஆனால் தம்புராவைச் சுமந்து, ராம நாமம் பாடி, வீதியில் கிடைத்த அரிசியை ஏற்றார். அதற்கு உஞ்சவிருத்தி என்று பெயர். அறுவடை முடிந்த வயலில் சிந்திய மணிகளைப் பொறுக்கி ஜீவிப்பதுதான் 'உஞ்சம்'. நாளைக்கென்று சேர்க்காத வாழ்க்கை. இன்றும் புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில், அவர் வாழ்ந்த இல்லத்திலிருந்து காவிரிக்கரை சமாதி வரை உஞ்சவிருத்தி பஜனை நடக்கிறது. பெரிய வித்வான்களும் அதில் பாடிக்கொண்டு நடக்கிறார்கள்.

'பணமாகக் கொடுத்தால் போதாதா?' என்று கேட்கலாம். திருவீழிமிழலையில் நடந்ததைக் கேளுங்கள். ஊரில் பஞ்சம். அடியார்களுக்கு அமுதளிக்க, அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒரு பொற்காசை ஈசன் பலிபீடத்தில் வைத்தார். அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு நடந்தது. சம்பந்தர் மடத்திலோ தாமதமாயிற்று. காரணம், அவருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றினார்கள். அப்பருக்கு மட்டும் ஏன் நல்ல காசு? அவர் உழவாரத்தைக் கையில் பிடித்து, உடம்பால் தொண்டு செய்தவர் என்று பெரியபுராணம் காரணம் சொல்கிறது. சம்பந்தர் பதிகம் பாடி முறையிட, பிறகு அவருக்கும் நல்ல காசு கிடைத்தது. ஞானசம்பந்தருக்கே அப்படியென்றால், கால் நோக நடக்கும் தொண்டின் மதிப்பு புரிகிறதல்லவா?

நடந்து பாருங்கள். சில கதவுகள் திறக்காது. 'இப்பத்தானே கொடுத்தோம்' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அப்போது மனசு சுருங்கும். நாமத்தைச் சொல்லிக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போய்விடுங்கள். அந்த வீட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

தெருக்கோடியில் ஒரு ஓட்டு வீடு. அந்த அம்மா ஒரு கைப்பிடியோடு வந்து, 'ரேஷன் பச்சரிசிதான் இருக்கு. சாமிக்கு ஆகுமா?' என்று கேட்பாள். அந்த நிமிஷம்தான் உங்களுக்குப் பரீட்சை. 'உனக்கே வேணுமே, வச்சுக்கோ' என்று மறுத்துவிடாதீர்கள். கொடுக்கும் பாக்கியம் அவளுக்கும் உண்டு. 'ஆகும்மா' என்று சொம்பை நீட்டுங்கள். மாடி வீட்டுப் பொன்னி அரிசியோடு அவள் அரிசியும் கலந்துவிட்டால், எது யாருடையது என்று யாரால் பிரிக்க முடியும்?

கிளம்பும் நாளில் விளக்கேற்றி, சொம்புக்கு நாமம் அல்லது விபூதி இட்டு, முதல் பிடியை உங்கள் வீட்டு அரிசியிலிருந்தே போடுங்கள். யார் எவ்வளவு போட்டாலும் ஒரே வணக்கம். கோயிலுக்கு வந்ததும் எல்லோர் முன்னிலையிலும் படியால் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு மணி அரிசிகூட வீட்டுக்கு வரக்கூடாது.

முட்டிவலியால் நடக்க முடியாதவர்களுக்குக் காஞ்சி மகா பெரியவர் பிடி அரிசித் திட்டத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் தனியே எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை அதைச் சேகரித்து, கோயிலில் நிவேதனம் செய்து ஏழைகளுக்குப் போய்ச் சேரும்படி செய்யலாம்.

நடக்க முடிந்தவர்கள் இந்த மார்கழியில் ஒரே ஒரு வீதியாவது நடந்து பாருங்கள். அன்னதானப் பந்தியில் உட்காரும் ஒரு குழந்தையின் இலையில் விழும் சோற்றில், நீங்கள் விட்ட கூச்சமும் அந்த ஓட்டு வீட்டு அம்மாவின் கைப்பிடியும் கலந்திருக்கும். அதைவிடப் பெரிய நிவேதனம் வேறென்ன இருக்கிறது?