அடம்பன் கொடி தரும் போதனை



வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டுக்குச் சென்றவர்கள், மணலுக்குள் நிற்கும் பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்களைக் கண்டிருப்பீர்கள். ஒருகாலத்தில் நம்மவர்கள் முழந்தாளிட்டு மன்றாடிய இடம் அது. காற்றுச் சுமந்து வந்த மணல் அதை மூடிற்று. கடற்கரை மணலின் வல்லமையை அங்கே கண்ணாரக் காணலாம். இத்தகைய மணலைக் கட்டிவைக்கச் சர்வேசுரன் ஒரு எளிய கொடியைப் படைத்திருக்கிறார். அதுவே அடம்பன்.

சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தில் அடும்பு என்று பாடியது இதனையே. இலை ஆட்டின் குளம்புபோல இரண்டாகப் பிளந்திருக்கும். ஊதா கலந்த செந்நிறப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். வெயிலும் உப்புக் காற்றும் சுடும் மணலில் அது படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். அதனோடு இராவணன் மீசைப் புல்லும் தாழம் புதரும் சேர, மணல் மேடாக உயர்கின்றது. அந்த மேடு மழைநீரை உறிஞ்சி நன்னீராகச் சேமித்து, கரையோரக் கிணறுகள் உவராகாமல் காக்கின்றது.

கடலுக்கு எல்லையாக மணலை வைத்தவர் தாமே என ஆண்டவர் உரைப்பதை எரேமியா ஆகமத்தின் 5ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த எல்லையின் பெறுமதியை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கண்ணீரோடு அறிந்துகொண்டோம். தெற்கே யால கரையில், கடல் நன்றாகத் தெரியவேண்டுமென்று மணல் மேட்டை வெட்டிய ஓர் உல்லாச விடுதி அன்று முற்றாக அழிந்தது. அருகே, மனிதர் கைவைக்காத மேடுகள் நிலைத்து நின்றன.

அப்படியிருந்தும் நாம் என்ன செய்கிறோம்? அடம்பன் இன்று உலகில் அருகிப்போன செடியல்ல. ஆனால் அது பற்றி நிற்கும் மணலே போய்விட்டால் அது எங்கே படரும்? இரவில் உழவு இயந்திரங்களும் டிப்பர்களும் கரைக்கு வருகின்றன. கொடி அறுகிறது, மேடு கரைகிறது. கள்ள மணல் அள்ளுகிறவன் பாவி என்று சொல்லிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. அவன் வீட்டு அடுப்பும் எரியவேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த மணலை வாங்குகிறவர் யார்? வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசில் மேல்மாடி எழுப்பும் நாம், ஒரு லோட் மணல் மலிவாய்க் கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது, அனுமதி உண்டா என்று கேட்டதுண்டா?

மணலின் மேல் வீடு கட்டிய மதியீனனைப் பற்றி யேசுநாதர் சொன்னதை அறிவோம். அயலவனின் கிணற்றையும் காவலையும் பறித்தெடுத்த மணலால் வீடு கட்டுகிறவன், அதைக் கற்பாறையின்மேல் கட்டினாலும் மதியீனனே. ஏழாம் கட்டளை மணலுக்கும் உரியது. படைப்புக்கு இழைக்கும் தீங்கு ஏழைகளுக்கு இழைக்கும் தீங்கு என்பதை, பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் தெளிவாக்கினார்.

களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். அள்ளிய மணலை எப்படித் திருப்பிக் கொடுப்பது? முதலில், வாங்குவதையும் அள்ளுவதையும் நிறுத்துங்கள். மாரி தொடங்கும்போது அடம்பன் கொடியைத் துண்டுகளாக வெட்டி வெறும் மணலில் புதையுங்கள். கணுக்களில் அது வேர்விடும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மணல் மெல்ல மெல்லச் சேரும். பரிகாரமும் அப்படித்தான்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள் நம் ஊரில். தனித்த ஒரு கொடியை ஆட்டுக்குட்டியும் இழுத்துவிடும். திரண்ட கொடிகளோ கரையையே தாங்குகின்றன. ஒரு குடும்பம் மட்டும் கள்ள மணலை மறுத்தால் அயலார் சிரிக்கக்கூடும். ஒரு பங்கு முழுவதும் மறுத்தால் கரை பிழைக்கும். இந்த வாரப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, உங்கள் வளவில் குவிந்திருக்கும் மணலையும் ஒருமுறை பாருங்கள்.

கடலுக்கு எல்லையிட்ட ஆண்டவர் நம் ஆசைகளுக்கும் எல்லையிட்டு, நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.