மழைக்கு முன் நடந்தவன்

பரளச்சிப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஐப்பசி மாதத்தில் வானத்தை அண்ணாந்து பாராத மனிதர் இல்லை. மல்லியும் பருத்தியும் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் மானாவாரிச் சம்சாரிக்கு மழை வெறும் பருவநிலை அன்று. அவர் வாங்கிய கடனுக்கும், மகளின் திருமணத்திற்கும், மகனின் படிப்பிற்கும் அதுவே விடை. இத்தகைய மண்ணிலிருந்துகொண்டு அமெரிக்கக் கௌபாய் படங்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் உறவு இல்லாமல் இல்லை. நம் மாவட்டத்துச் சிவகாசியிலிருந்தே 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் தமிழ் பேசிக்கொண்டு நம் வீட்டுத் திண்ணைகளுக்கு வந்தது அவ்வழியேதான். இயக்குநர் கர்ணனின் ‘கங்கா’ (1972) போன்ற படங்களில் ஜெய்சங்கர் குதிரையேறி வரக் கண்டு கைதட்டிய சிறுவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். அரிசோனாவின் வறண்ட வெளியில் நிற்கும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலுக்கு நெருங்கிய இனமே.

அண்மையில் விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகளோடு அமர்ந்து, ஒரே கதையின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அடுத்தடுத்த இரவுகளில் கண்டோம். எல்மோர் லெனார்டு 1953-இல் எழுதிய சிறுகதையொன்றைக் கொண்டு டெல்மர் டேவ்ஸ் 1957-இல் இயக்கிய ‘3:10 டு யூமா’ ஒன்று. ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் 2007-இல் ஜேம்ஸ் மேன்கோல்டு மீண்டும் எடுத்த படம் மற்றொன்று. பிள்ளைகள் வசனங்களைத் தமிழில் சொல்லச் சொல்ல, அடுத்த வீட்டு முதியவர் ஒருவரும் உடனிருந்து பார்த்தார்.

கதை எளியது. மழை பொய்த்து, மாடுகள் மெலிந்து, கடனில் தவிக்கும் சிறு விவசாயி டான் எவன்ஸ். பிடிபட்ட கொள்ளைத் தலைவன் பென் வேடை, யூமா சிறைக்குச் செல்லும் மூன்று பத்து இரயிலில் கொண்டுபோய் ஏற்றினால் இருநூறு டாலர் கிடைக்கும் என்கிறார்கள். தண்ணீருக்கு வழி தேடும் அவன் அதற்கு உடன்படுகிறான். இரயில் வரும்வரை விடுதி அறையொன்றில் கைதியும் காவலனும் காத்திருக்கிறார்கள். கைதி பேசிப்பேசிக் காவலனின் மனத்தைக் கரைக்கப் பார்க்கிறான். இருநூறைவிடப் பன்மடங்கு பணம் தருவதாக ஆசை காட்டுகிறான். வெளியே அவனுடைய கூட்டாளிகள் சூழ்ந்து நிற்கிறார்கள். உதவிக்கு வந்தோர் ஒவ்வொருவராய் நழுவுகிறார்கள்.

பழைய படத்தில், ஊர்க் குடிகாரன் என்று எல்லோராலும் எள்ளப்பட்ட ஒருவன் துணைக்கு வந்து, கொள்ளையரால் தூக்கிலிடப்படுகிறான். பணம் தருவதாகச் சொன்னவரே டானிடம், விலகிக்கொள்ளலாம் என்கிறார். மனைவியும் தேடி வந்து கெஞ்சுகிறாள். ஆனால் அந்தக் குடிகாரன் மக்கள் அமைதியாய், மானத்தோடு வாழவேண்டும் என்பதற்காக உயிரையே கொடுத்திருக்க, தான் அதற்குக் குறைவாய்ச் செய்வது எப்படி என்பதே டானின் மறுமொழி. அவன் கைதியோடு தெருவில் இறங்கி நடக்கிறான். இறுதியில் அந்தக் கைதியே அவனோடு சேர்ந்து ஓடும் இரயிலில் தாவி ஏறுகிறான். அப்போது, நெடுநாள் பொய்த்த மழை பெய்கிறது.

புதிய படத்தில் மழை இல்லை. டான் இங்கே உள்நாட்டுப் போரில் காலை இழந்தவன். அதுவும் பகைவரால் அன்று, தன் படையினர் சுட்ட குண்டினால். வளர்ந்த மகன் தந்தையைக் கோழையென எண்ணுகிறான். வேறு யாரும் துணியாதபோது உன் தந்தை இக்கைதியை அழைத்துச் சென்றான் என்பதை நினைவில் வைத்துக்கொள் என்று மகனிடம் கூறிவிட்டே டான் புறப்படுகிறான். கைதியை இரயிலில் ஏற்றியும்விடுகிறான். ஆனால் கூட்டாளியின் குண்டுகள் அவனைக் கொன்றுவிடுகின்றன. சினமுற்ற வேடு தன் கூட்டத்தையே சுட்டு வீழ்த்திவிட்டுத் தானாக இரயிலேறுகிறான்.

படம் முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் இளையவன் நம்மிடம் சொன்னான்: “பெரியப்பா, புதுப்படம்தான் நெசம். பழசுல கடைசியில மழை பெய்யிறதெல்லாம் சும்மா கதைக்காக. நம்ம ஊர்ல யோக்கியனா இருந்தா மழை வந்துருமா?”

நம்மால் மறுக்க இயலவில்லை. நேர்மையாளரின் புஞ்சையும் காய்ந்து கிடப்பதைக் கண்டவர்கள் நாம். அன்றியும், மறுபடி எடுத்த படங்கள் எல்லாம் தரத்தில் தாழ்ந்தவை என்று சொல்வதும் நியாயமாகாது. சார்லஸ் போர்ட்டிஸின் 1968-ஆம் ஆண்டு நாவலைக் கொண்டு 1969-இல் வந்த ‘ட்ரூ கிரிட்’ படத்தில், தந்தையைக் கொன்றவனைத் தேடிச் சென்ற சிறுமி பாம்புக்கடிக்குத் தப்பி, தொட்டில் கட்டிய கையோடு நலமாய் ஊர் திரும்புகிறாள். கோயன் சகோதரர்கள் 2010-இல் எடுத்த படத்திலோ, நாவலில் உள்ளவாறே, அவள் அக்கையை இழக்கிறாள். பழிதீர்க்கப் புறப்பட்டதற்கு ஒரு விலை உண்டு என்று புதிய படமே கூடுதல் உண்மையோடு சொல்கிறது.

நாம் மௌனமாயிருக்க, அடுத்த வீட்டு முதியவர் கேட்டார்: “மழைக்காகவா அவன் கெளம்பிப் போனான் தம்பி? அவன் தெருவுல எறங்குறப்ப வானம் வெறிச்சுன்னுல்ல கெடந்துச்சு!”

அச்சொல் நம்மை உறங்கவிடவில்லை. இரு படங்களுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு முடிவில் இல்லை; நல்லவன் ஏன் நல்லதைச் செய்தான் என்ற காரணத்தில் இருக்கிறது. பழைய படத்திலும் டானுக்குப் பிள்ளைகள்முன் தலைகுனிவு உண்டு. ஆயினும் அவனைத் தெருவில் இறக்கியது அதுவன்று. இன்னொருவன் செய்த தியாகம் தன்மீது ஒரு கடமையை வைத்துவிட்டது என்ற உணர்வே. புதிய படத்திலோ அவனுடைய நன்மைக்கு ஒரு காயம் தேவைப்படுகிறது. இழந்த காலும், மகனின் இகழ்ச்சியும் இல்லாவிடில் அவன் நடந்திருப்பானா என்று நாம் ஐயுறும்படி கதை அமைகிறது.

இது ஒரு படத்தோடு நிற்கவில்லை. அகிரா குரோசாவா 1954-இல் எடுத்த ‘ஏழு சாமுராய்’ படத்தில், ஏழை உழவர்கள் தாம் சிறுதானியம் உண்டு, தங்களைக் காக்க வருவோர்க்கு அரிசிச் சோறு படைக்கிறார்கள். அந்தச் சோற்றுக் கிண்ணமே மூத்த சாமுராயை இசைய வைக்கிறது. அதைத் தழுவி 1960-இல் ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கிய ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ படத்தில், ஆறு வாரத்திற்கு இருபது டாலர் என்ற அற்பக் கூலிக்குத் துப்பாக்கி வீரர்கள் கிராமத்தைக் காக்கச் செல்கிறார்கள். அவர்களுள் நால்வர் மாண்டுபோகிறார்கள். 2016-இல் அதை மீண்டும் எடுத்த அன்ட்வான் ஃபுக்குவாவின் படத்திலோ, வீரர்களின் தலைவன் தன் குடும்பத்தை அழித்தவனைப் பழிவாங்கவே வந்திருக்கிறான் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. அறுபது ஆண்டுகளுக்குள், அந்நியனுக்கு இரங்கிய ஒருவன், தன் பகையைத் தீர்த்துக்கொண்ட ஒருவனாகிவிட்டான்.

இதைப் படமெடுப்போரின் குற்றமென்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. நாமும் அப்படியே கதை சொல்லிப் பழகியவர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிக் கண்மாய் ஒன்று பாதியே பெருகிய ஓராண்டில், அங்கிருந்த நீர்பாய்ச்சி முறை தவறாமல் மடை திறந்தார். தலைமடையில் நிலம் வைத்திருந்த செல்வாக்குடையவர் ஒருவர், இரவில் தமக்குக் கூடுதலாகப் பாய்ச்சச் சொன்னார். இவர் மறுத்தார். கடைமடையில் கணவனை இழந்த ஒரு தாயின் சிறு வயலுக்கும் அவ்வாண்டு தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அறுவடையின்போது களத்தில் இவருக்குத் தரவேண்டிய நெல்லை அந்தச் செல்வாக்குடையவர் தரவில்லை. கேட்பாரும் இல்லை.

தேநீர்க் கடையில் என்ன பேசினோம் தெரியுமா? “அவருக்கும் இவருக்கும் பழைய வரப்புத் தகராறுல்ல! அதான் மனுசன் வெரச்சுக்கிட்டாரு.” அப்படி ஒரு தகராறு இருந்ததா என்று எவரும் விசாரிக்கவில்லை. நாமும் தலையசைத்தோம். நெல்லை ஒருவர் பறித்தார்; அச்செயலின் பெயரை நாம் எல்லோருமாய்ப் பறித்தோம். இவற்றுள் எது பெரிய திருட்டு என்பதை இன்றுவரை நம்மால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

மனித மனம் கலப்படமற்றதா என்று வினவலாம். இல்லைதான். புனிதர்களின் வரலாறுகளிலும் காயங்கள் உண்டு. போர்க்களத்தில் காலில் பட்ட குண்டடியே லொயோலா இஞ்ஞாசியாரைப் படுக்கையில் கிடத்திப் புதுவழி தேட வைத்தது. காயம் கதவைத் திறக்கலாம். ஆனால் அதன் வழியே எழுந்து நடப்பது அந்த மனிதனே. காயத்தைச் சொல்லி முடித்ததும் மனிதனையே சொல்லி முடித்துவிட்டதாக எண்ணும்போதுதான் தவறுகிறோம். அவ்வெண்ணம் நமக்கு வசதியானதும்கூட. நல்லவனுக்கு ஏதோ ஒரு தனிக்காரணம் இருந்தது என்றாகிவிட்டால், அக்காரணம் இல்லாத நாம் வாளாவிருக்கலாம் அல்லவா?

மழையைப் பற்றி நம் முன்னோர் எண்ணியதும் இங்கே நினைக்கத்தக்கது. நல்லவர் ஒருவர் பொருட்டு எல்லோர்க்கும் மழை என்றார் ஔவையார். மழை கைம்மாறு கருதுவதில்லை என்று காட்டி, ஒப்புரவும் அவ்வாறே என்றார் வள்ளுவர். வானகத் தந்தை நல்லோர்க்கும் தீயோர்க்கும் ஒன்றுபோல மழை பொழிகிறார் என்பது மலைப்பொழிவில் நம் ஆண்டவரின் போதனை. மூன்றையும் சேர்த்து எண்ணினால், மழை எவருடைய நேர்மைக்கும் கூலி அன்று என்பது விளங்கும், அது கொடை. பழைய படத்தின் மழையும் டானின் நிலத்தில் மட்டும் பெய்யவில்லை. கொள்ளையனும் அதில் நனைந்த நாட்டின் வழியாகத்தான் இரயிலில் போகிறான். இளையவன் சொன்னதில் பாதி மெய்: யோக்கியனாக இருந்தால் மழை வந்துவிடாது. மறுபாதியை முதியவர் சொன்னார்: வராது என்று தெரிந்தும் ஒருவன் புறப்பட்டிருக்கிறான்.

அந்த நீர்பாய்ச்சி இப்போது உயிரோடு இல்லை. அவருடைய பேரன் அருப்புக்கோட்டையில் வேலை பார்க்கிறான். பேருந்தில் அவ்வப்போது நம்மைக் கண்டு வணக்கம் சொல்கிறான். தன் தாத்தாவைப் பற்றி அவன் கேட்டு வளர்ந்தது வரப்புத் தகராற்றுக் கதையாகத்தான் இருக்கும். அடுத்தமுறை அவனைக் காணும்போது, கடைமடை வரைக்கும் தண்ணீர் போன அந்த ஆண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அன்று நாம் தலையசைத்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும்.