நாடியும் சாமாயிகமும்

அருகன் திருவடி பணிந்து அறவோர் இல்லங்களுக்குச் சில சொற்கள்.

ஏழு உச்வாசம் ஒரு ஸ்தோகம். ஏழு ஸ்தோகம் ஒரு லவம். எழுபத்தேழு லவம் ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை. நம் ஆகமக் கணக்கு இது. பெருக்கிப் பார்த்தால் 3773. முகூர்த்தம் 48 நிமிடமாதலின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 79 ஆகிறது. அமைதியாய் இருப்பவரின் மூச்சு அத்துணை விரைவாய் ஓடாது. நாடித்துடிப்புக்கே இவ்வெண் பொருந்துகிறது.

அந்நாடியை எழுப்பும் இதயத்திற்கு நான்கு அறைகள். வலப்புறம் வந்த குருதியை நுரையீரலுக்கும், அங்கே உயிர்வளி பெற்று இடப்புறம் திரும்பியதை உடலெங்கும் அது செலுத்துகிறது. வல மேலறைச் சுவரிலுள்ள சிறு கணுவொன்று தானே துடிப்பைத் தொடங்குகிறது. நம் ஆணைக்குக் காத்திருப்பதில்லை. இதயம் ஓய்வே அறியாதது என்பர். வகுப்பில் நாமும் அவ்வாறே கற்பித்ததுண்டு, அது பிழை. ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி எனின், கீழறைகள் சுருங்குவது சுமார் 0.3 விநாடியே. எஞ்சிய 0.5 விநாடி அவை தளர்ந்திருக்கின்றன. அத்தளர்ச்சியில்தான் குருதி நிரம்புகிறது.

இவையாவும் புற்கலத்தின் தொழில். ஆயுள்வினை தீருங்கால் நின்றுவிடும். அறியும் ஆன்மா வேறு என்று நாள்தோறும் சொல்கிறோம், அமர்ந்து உணர்ந்தோமா? சாமாயிகத்திற்கு நேரமில்லை என்னாத இல்லம் இன்று அரிது. தொலைக்காட்சியின் முன் மட்டும் முகூர்த்தங்கள் கழிகின்றன.

வரும் சதுர்தசி மாலை பிள்ளைகளை அருகில் அமர்த்துங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணட்டும். பின்னர் விரலை எடுத்துவிட்டு, இரண்டு நாழிகை இயலாதெனின் அரை நாழிகையேனும் அவர்களோடு மௌனமாய் அமருங்கள்.