தீ கொடுத்தல் தகுமா?

தீங்கு தரும் கருவி ஒன்று பழுதுபட்டுக் கிடக்கிறது. அதைச் செப்பனிடும் திறன் பெற்றவன் ஒரு சிராவகன். அவன் அதைச் செப்பனிடலாமா? பல்லாண்டுகள் வகுப்பறையில் பிள்ளைகளின் வினாக்களுக்கு விடை சொல்லிப் பழகியவள் நான். ஆயினும் என் பேரன் இவ்வினாவைத் தொடுத்தபோது உடனே விடை கூற இயலாது நின்றேன்.

என் தங்கை மகன் இலண்டனில் பணிபுரிகிறான். ஐம்பதை நெருங்கும் வயது. இருபது ஆண்டுகள் சிகரெட்டுக்கு அடிமையாயிருந்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் அதனை விட்டு மின் சிகரெட்டுக்கு மாறியவன். சென்ற ஆண்டு மேல்சித்தாமூர்த் தேருக்கென வந்தவன், வானூரில் எங்கள் இல்லத்தில் தங்கினான். மூன்றாம் நாள் அக்கருவி இயங்கவில்லை. அன்று மாலை அவன் கடைவீதிப் பக்கம் சென்று வந்தபோது சட்டையில் பழைய வாடை வீசியது. கேட்டேன். "ஆம் பெரியம்மா, ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன்" என்று மறைக்காமல் சொன்னான். மூன்றாண்டு முயற்சி ஒரு மாலைப் பொழுதில் தகர்ந்து போயிற்று.

கருவியை என் பேரன் கையில் எடுத்துப் பார்த்தான். அவன் திண்டிவனத்தில் கைப்பேசி பழுது நீக்கும் தொழில் பயின்றவன். கீழே பேட்டரி, அதன்மேல் திருகி மாட்டும் சிறு தொட்டி. உள்ளிருக்கும் திரவத்தின் அளவு வெளியே தெரியும்படி தொட்டி தெளிவாயிருப்பதால் அதற்குக் கிளியரோமைசர் என்று பெயராம். நடுவில் பஞ்சு பொதிந்த மெல்லிய கம்பிச் சுருள். பொத்தானை அழுத்தினால் சுருள் சூடேறி, பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது. பேட்டரியும் தொட்டியும் சேரும் மரையை 510 மரை என்கிறார்கள். மரையின் உலோகம் ஒரு முனை. நடுவிலுள்ள சிறு பின் மறுமுனை. தொட்டியை மிகவும் இறுக்கித் திருகினால் அப்பின் உள்ளே அமுங்கிவிடும். பிறகு இரண்டும் தொடா. பேட்டரி விளக்கு மினுக்கிவிட்டு அணைந்துவிடும். கசியும் திரவம் பின்மேல் பிசுக்காகப் படிந்தாலும் இதே நிலைதான். விமானத்தில் அழுத்தம் குறையும்போது தொட்டி கசியும். நம் சித்திரை வெயிலில் திரவம் இளகி மேலும் கசியும். இது அறியாமல் நல்ல நிலையிலிருந்த இரண்டு மூன்று தொட்டிகளைக் கெட்டவை என்று எறிந்திருக்கிறானாம் என் தங்கை மகன். பஞ்சு வறண்டால் கருகல் சுவை தொண்டையைப் பிடிக்கும் என்றும், அப்போதெல்லாம் சிகரெட்டே மேல் என்று மனம் சொல்லும் என்றும் அவன் கூறியதை நான் மறக்கவில்லை.

"பத்து நிமிட வேலை, பாட்டி" என்றான் பேரன். பிறகு கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஆனால் இது இம்சாதானம் ஆகாதா? போன பயூஷணத்தில் நீங்கள்தானே பாடம் சொன்னீர்கள்?" என்று கேட்டான்.

இல்லறத்தார் விலக்க வேண்டிய அநர்த்த தண்டங்கள் ஐந்தனுள் இம்சாதானம் ஒன்று என்பதை நம் இல்லங்களில் பலரும் அறிவர். கொலைக்குக் காரணமாகும் பொருளைப் பிறர்க்குக் கொடுத்தல் என்பது அதன் பொருள். ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் அப்பொருள்களை அடுக்கும்போது கோடரி, வாள், மண்வெட்டி, ஆயுதம், சங்கிலி ஆகியவற்றோடு தீயையும் சேர்த்துள்ளார். இதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒவ்வொரு முறையும் தீ என்ற இடத்தில் என் குரல் சற்றே தடுமாறும். அதற்குக் காரணம் உண்டு.

என் தந்தையார் சுருட்டுப் பிடிப்பார். வாயிலேயே அணைந்து போகும். "தணல் கொண்டா அம்மா" என்பார். பத்து வயதுச் சிறுமியாகிய நான் அடுப்பிலிருந்து இடுக்கியில் தணல் எடுத்துக்கொண்டு திண்ணைக்கு ஓடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு! 1971இல் வாய்ப் புற்றினால் அவர் மறைந்தார். இரவில் உண்ணாதவர், ஊனும் கள்ளும் தேனும் தீண்டாதவர், அட்டமி சதுர்த்தசி தவறாதவர். சுருட்டில் மட்டும் அவர்க்குக் குற்றம் தோன்றவில்லை. முன்னோர் வகுத்த ஏழு வியசனங்களுள் புகையிலை இல்லை என்பார். உண்மைதான். அச்செடி போர்ச்சுக்கீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்ததே பிற்காலத்தில். வராத ஒன்றை முன்னோர் எங்ஙனம் விலக்குவர்?

எனவே பேரனின் வினா எனக்குப் புதியதன்று. தணலுக்குப் பதிலாகக் கம்பிச் சுருள். இடுக்கிக்குப் பதிலாகப் பல்குத்தும் குச்சி.

ஆயினும் இரண்டும் ஒன்றே என்று சொல்லவும் மனம் துணியவில்லை. சிகரெட்டில் இலை எரிகிறது. அந்த எரிதலால் தாரும் கார்பன் மோனாக்சைடும் பிறக்கின்றன. மின் சிகரெட்டில் எரிதல் இல்லை. அடிமைப்படுத்தும் நிக்கோட்டின் இருக்கிறது. நுரையீரலுக்குத் தீங்கும் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் இத்தகைய கருவிகளால் நுரையீரல் பாதிக்கப்பட்டோர் தொகை 2020 பிப்ரவரிக்குள் 2,807ஐ எட்டியது; 68 பேர் இறந்தனர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த திரவத்தில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட்டே காரணமென்று அந்நாட்டார் கண்டனர். மறுபுறம் இங்கிலாந்து அரசு 2023இல் புகைப்போர் பத்து இலட்சம் பேர்க்கு, சிகரெட்டை விடும்பொருட்டு, இக்கருவியைத் தானே வழங்கும் திட்டத்தை அறிவித்தது. அங்கு அரசே கொடுக்கிறது. இங்கு, 2018இல் தமிழ்நாட்டிலும் 2019இல் நாடு முழுவதும் தடை. தயாரித்தல், இறக்குமதி, விற்பனை ஆகியவற்றுக்கு முதல் குற்றமாயின் ஓராண்டு வரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆக, அவன் அதை இந்நாட்டுக்குள் கொண்டுவந்ததே குற்றம். கள்ளாமை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் அரச நெறிக்கு மாறாக நடத்தலையும் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. "பெட்டிக் கடையில் சிகரெட்டை விற்கவிட்டு இதை மட்டும் தடுப்பது என்ன நியாயம்?" என்றான் தங்கை மகன். கேள்வியில் நியாயம் உண்டு. கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதென்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த நூறு கெஜத்தை எவரும் அளந்து நான் கண்டதில்லை. ஆனாலும் ஆசிரியை என்ற முறையில் இத்தடையை நான் வரவேற்கிறேன். மாம்பழ மணமும் புதினா மணமும் ஐம்பது வயதினரை எண்ணிச் சேர்க்கப்பட்டவை என்று என்னை நம்பச் செய்வது கடினம்.

முதலில் முறையான வழியைத் தேடினோம். மருந்துக் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. புகையிலையை விட விரும்புவோர்க்கென அரசு நடத்தும் 1800 112 356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியும் உண்டு. சூயிங்கம் வாங்கி வந்தான் பேரன். தங்கை மகன் மென்றான். மென்றபடியே மறுநாள் நான்கு சிகரெட்டுகள் புகைத்தான். தேர் பார்க்கச் சென்ற நாளில் மடத்துக்கு வெளியே ஒதுங்கி நின்ற அவன் முகத்தைப் பார்த்தேன். என் தந்தையார் முகச்சாயல் அவனுக்கு உண்டு.

அன்றிரவு பேரனிடம், "செய்" என்றேன்.

பொத்தானை ஐந்து முறை அழுத்திப் பேட்டரியை நிறுத்தினான். தொட்டியைக் கழற்றி, ஐ.பி.ஏ. திரவம் தொட்ட பஞ்சால் மரையையும் பின்னையும் துடைத்தான். ஊசியால் நெம்பினால் இரு முனைகளும் ஷார்ட் ஆகும் என்று மரக்குச்சியைக் கொண்டு பின்னை மயிரிழை உயர்த்தினான். சுருளை அடியில் சரியாகப் பொருத்தி, தொட்டியை இறுக்காமல் தொடும் அளவுக்கு மட்டும் திருகினான். விளக்கு எரிந்தது. மீதமிருந்த சிகரெட்டுகளைத் தங்கை மகன் தானே சாக்கடையில் எறிந்தான்.

நான் செய்வித்தது தூயது என்று வாதிட மாட்டேன். அநர்த்தம் என்றால் பயனற்றது. பயன் கருதிச் செய்ததால் அநர்த்த தண்டம் ஆகாது என்று ஒரு சமாதானம் தோன்றியது. ஆனால் என் தந்தையாரும் தணல் கேட்டபோது தமக்கு ஒரு பயன் கருதியே கேட்டார். ஆகவே அச்சமாதானத்தில் நான் இளைப்பாறவில்லை. பெருந்தீங்கிலிருந்து ஒருவனைச் சிறுதீங்குக்கு இழுத்தேன். அதற்கு ஒரு சட்டத்தையும் மீறத் துணைபோனேன். மறுநாள் பிரதிக்கிரமணத்தில் அதை அதிசாரமாகவே எண்ணி வருந்தினேன். செய்யாமல் விட்டிருந்தாலும் வேறொன்றுக்காக வருந்தியிருப்பேன்.

செய்தி எப்படியோ பரவி, இரண்டு வாரம் கழித்துக் கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். அதே மரை, அதே பின், அதே மினுக்கல். எவனோ நண்பன் கொடுத்தானாம். "நீ முன்பு சிகரெட் பிடித்ததுண்டா, தம்பி?" என்றேன். "சேச்சே, கிடையாது டீச்சர், இது சும்மா" என்றான். பேரன் என்னைப் பார்த்தான். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த "சும்மா" என்ற சொல்லுக்குத்தான் ஆசாரியர்கள் அநர்த்தம் என்று பெயரிட்டார்கள் போலும். பையன் முகம் சுருங்கிப் போனான். வேறெங்கோ ஒரு கடையில் அதைச் செப்பனிட்டுக் கொண்டதாகப் பின்னர் அறிந்தேன்.

தங்கை மகன் திங்கள்தோறும் தொலைபேசியில் பேசுகிறான். அவன் திரவத்தில் மில்லி லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லி கிராமாக இருந்த நிக்கோட்டின் இப்போது மூன்றாம். அடுத்த முறை வரும்போது அக்கருவியைக் கொண்டுவரக் கூடாதென்று சொல்லியிருக்கிறேன். "முயல்கிறேன், பெரியம்மா" என்கிறான்.