மேசை மேல் ஒரு யுத்தம்

வியாபாரமும், மார்க்கமும், பிள்ளைகளின் படிப்புமே இந்தப் பக்கங்களை வழக்கமாக நிரப்பி வந்திருக்கின்றன. விளையாட்டைப் பற்றி எழுத நமக்கு அதிக வாய்ப்பு நேர்ந்ததில்லை. ஆயினும் சென்ற மாதம் நம் சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர், மக்ரிபுத் தொழுகைக்குப் பின் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அக்கேள்வி இன்றுவரை நம்மை விடவில்லை. ஆகவே அதை வாசக சகோதரர்கள் முன்பும் வைக்கிறோம்.

"என் மகள் வயிற்றுப் பேரன் சனிக்கிழமைதோறும் ஒரு கிளப்புக்குப் போகிறான். ஈயத்தில் வார்த்த சின்னஞ்சிறு சிப்பாய்களை வாங்கி, இரவெல்லாம் உட்கார்ந்து வர்ணம் தீட்டுகிறான். பிறகு அவற்றை மேசையில் நிறுத்தி, முன்பு நடந்த யுத்தங்களைத் திரும்ப நடத்துகிறார்கள். அடுத்த வாரம் கம்பார் சண்டையாம்! காசு கொடுப்பவன் நான். செத்தவர்களை வைத்து விளையாடலாமா?"

கேட்டவர் கம்பாரில் பிறந்தவர். அவருடைய அத்தா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தவர். கேள்வியின் கனம் அதனால் நமக்கு உடனே புரிந்தது. கண்ணால் காணாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று எனக் கருதி, அவருடனேயே அந்தச் சனிக்கிழமை நாமும் சென்றோம்.

ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு மேசை. அதன்மேல் பச்சைத் துணி. துணிக்கடியில் பலகைத் துண்டுகளை அடுக்கி மலை முகடுகள். பஞ்சு போன்ற ஒன்றால் செய்த ரப்பர் மரங்கள். ஒவ்வொரு சிப்பாயும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரந்தான். ஆனால் தலைப்பாகையின் மடிப்புக்கூடத் தெரிகிறது. ஜவுளிக் கடையில் துணி அளப்பது போல, நாடாவை வைத்து அளந்து படையை நகர்த்துகிறார்கள். சுட்டால் பட்டதா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. சந்தேகம் வந்தால் விதிப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்; அதிலும் தீராவிட்டால் நடுவர் சொல்வதே முடிவு. பந்தயம் கிடையாது, ஒரு காசு கைமாறுவதில்லை. கூச்சல் இல்லை. தொழுகை நேரம் வந்ததும் நம்மவர் பிள்ளைகள் இருவர் எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்தார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். இவ்வளவும் உண்மை, சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

முதலில் மார்க்க சம்பந்தமான சந்தேகங்களைப் பார்ப்போம். இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குச் சென்றபோதே, யானையும் குதிரையும் காலாளும் கொண்ட இந்தப் போலி யுத்தம் ஆகுமா என்ற விவாதம் நம் இமாம்களிடையே எழுந்துவிட்டது. ஹனஃபி மத்ஹபினர் கண்டிப்பாகக் கூடாதென்றனர். இமாம் ஷாஃபிஈ அவர்களோ, விரும்பத்தகாதது என்றாலும், பந்தயமின்றி, தொழுகை தவறாமல், தீய பேச்சின்றி ஆடினால் ஹராம் என்று சொல்லவில்லை. கீழக்கரை, காயல்பட்டினத்தாரும் ராவுத்தர்மாரும் ஒரே சங்கத்தில் அமரும் நமக்கு இந்த வேறுபாடு புதிதன்று. பொம்மையைப் பற்றிக் கேட்டால், ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களில் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததும், அதைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததும் நாம் அறிந்ததே. ஆனால் பகடை விஷயத்தில் ஆலிம்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். பந்தயம் இல்லாவிட்டாலும் கூடாது என்போரே அதிகம். பகடைக்குப் பதில் சீட்டு எடுக்கும் முறையும் உண்டென்று பேரன் சொன்னான். இதையெல்லாம் தக்க ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே சரி. ஃபத்வா கூறும் தகுதி நமக்கில்லை.

ஆனால் பெரியவர் கேட்டது ஹராமா ஹலாலா என்பது மட்டுமன்று. "செத்தவர்களை வைத்து" என்றாரே, அந்தச் சொல்லைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

இந்த விளையாட்டு பட்டாளத்திலிருந்து வந்தது. பிரஷ்ய நாட்டு இளம் அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர் 1824-ல் இதற்கு விதிகள் வகுத்து வெளியிட்டார். வரைபடம், பகடை, நடுவர் எல்லாம் அதில் இருந்தன. சேனாதிபதிகள் அதைப் பயிற்சியாகக் கொண்டார்கள். பிறகு ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகம் எழுதி, ஈயச் சிப்பாய்களையும் மரத்துண்டு எய்யும் பொம்மைப் பீரங்கிகளையும் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் முறையைப் பரப்பினார். வெல்ஸ் யுத்த வெறியர் அல்லர். இந்தச் சின்ன யுத்தத்தை ஆடிப் பார்ப்பவன் பெரிய யுத்தம் எத்தனை முட்டாள்தனமானது என்பதை உணர்வான் என்பதே அவர் வாதம். நல்ல வாதந்தான். ஆனால் அடுத்த ஆண்டே, 1914-ல், பெரிய யுத்தம் வந்துவிட்டது. சிப்பாய்கள் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் மாண்டார்கள். பொம்மைகள் அந்த யுத்தத்தை உண்டாக்கவில்லை, தடுக்கவுமில்லை. ஆகவே இவ்விளையாட்டால் பிள்ளைகள் கொலைகாரராவார்கள் என்று பயப்படுவதும் மிகை. சமாதானப் பிரியராவார்கள் என்று நம்புவதும் மிகை.

பின் இதில் என்னதான் நன்மை? உண்மைக் கணக்கைக் காட்டும் என்பதே இதன் நன்மை. அதை வியாபாரிகளான நாம் எளிதில் விளங்கிக்கொள்ளும்படி ஒரு சம்பவம் உண்டு.

1942 மே மாதம், ஜப்பானியக் கடற்படையினர் மிட்வே தீவைத் தாக்குவதற்கு முன், 'யமாட்டோ' என்ற போர்க்கப்பலில் உட்கார்ந்து அந்தப் போரை மேசையில் ஆடிப் பார்த்தார்கள். அதில் கலந்துகொண்ட அதிகாரிகள் பின்னர் எழுதியபடி, எதிரி விமானங்கள் தாக்கும் கட்டத்தில் நடுவர் பகடை உருட்ட, ஒன்பது குண்டுகள் பட்டன. 'அகாகி', 'காகா' என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. தலைமையில் இருந்த உகாக்கி என்ற தளபதி குறுக்கிட்டு, ஒன்பதை மூன்றாக்கு என்றார். 'அகாகி'க்கு லேசான சேதம் மட்டும் என்றாயிற்று. மூழ்கிய 'காகா'வும் அடுத்த கட்டத்தில் உயிர்பெற்று வந்தது. ஜூன் மாதம் நிஜமான கடலில் அவ்விரண்டுடன் வேறு இரண்டு விமானந்தாங்கிகளும் மூழ்கின. 3,000-க்கும் மேற்பட்ட ஜப்பானியர் மாண்டனர். மூழ்கியது மூழ்கியதாகவே இருந்தது.

ஐந்தொகை எடுக்கும்போது நஷ்டம் வந்தால், கணக்குப் பிள்ளையை அதட்டி எண்ணை மாற்றச் சொல்லும் முதலாளியை நாம் கண்டதில்லையா? புத்தகத்தில் மாறும், கிட்டங்கியில் மாறாது. அங்கே தப்பு செய்தது பகடையல்ல, கணக்கைத் திருத்திய கை. விளையாட்டு உண்மையைச் சொல்லிற்று, கேட்கத்தான் ஆளில்லை.

எனவே, நேர்மையாக ஆடினால் இது பொழுதை வீணாக்குவது மட்டுமன்று என்ற முடிவுக்கு நாம் அன்று மாலை ஏறக்குறைய வந்துவிட்டோம். ஆனால் உடன் வந்த பெரியவர் மேசையைவிட்டு நகரவில்லை.

கம்பார் சண்டை 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்தது. வடக்கேயிருந்து தோற்றுத் தோற்றுப் பின்வாங்கி வந்த பிரிட்டிஷ், இந்தியப் படைகள், கம்பார் மலையடிவாரத்து முகடுகளில் நின்று ஜப்பானியரைத் தடுத்தன. பஞ்சாப் ரெஜிமென்டைச் சேர்ந்த சீக்கியர்கள் துப்பாக்கி முனைக் கத்தியுடன் பாய்ந்து ஒரு முகட்டை மீட்டார்கள்; அவர்களை நடத்திச் சென்ற கேப்டன் கிரஹாம் காயமுற்று இறந்தார். ஆயினும் ஜப்பானியர் கடல் வழியாக, இன்று தெலுக் இந்தான் எனப்படும் ஊர்ப் பக்கம் இறங்கிவிட்டதால், நின்ற இடத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. இவ்வளவும் மேசையில் இருந்தது. வாலிபர்கள் புத்தகங்களைப் படித்து, ஒவ்வொரு பீரங்கியையும் உரிய இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். மெச்சத்தக்க உழைப்பு.

பெரியவர் துணியின் ஓரத்தைத் தொட்டார். அங்கே பச்சையைத் தவிர ஒன்றுமில்லை.

"இங்கேதான் எங்கள் அத்தாவின் கடை" என்றார்.

வாலிபர்கள் நாடாவைக் கீழே வைத்தார்கள். கடை என்னவாயிற்று நன்னா என்று பேரன் கேட்டான். அதுவரை அவன் கேட்டதில்லை போலும், அவரும் சொன்னதில்லை.

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறோம். பீரங்கிச் சத்தம் கேட்டதும் அத்தா கடையைப் பூட்டிவிட்டு, மனைவியுடன் தோட்டத்துப் பக்கம் ஒதுங்கினார். கல்லாப் பணத்தோடு அவர் எடுத்துப் போனது கடன் புத்தகம் ஒன்றுதான். திரும்பி வந்தபோது கடையில் அரிசியும் இல்லை, கதவும் இல்லை. கடன் வாங்கியவர்கள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மாதச் சம்பளம் வந்ததும் கொடுப்பவர்கள். அவர்களில் பலரை 1943-ல் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து சென்ற தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே காலராவிலும் பட்டினியிலும் மாண்டதை நாம் அறிவோம். போனவர்களில் மிகச் சிலரே கம்பாருக்குத் திரும்பினார்கள். 1945-ல் ஜப்பான் தோற்றதும் வாழைமர நோட்டு வெறும் காகிதமாயிற்று. அத்தாவின் கையில் மிஞ்சியது அந்தப் புத்தகம். ஒருநாள் இரவு விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு, திரும்பாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, ஒவ்வொருவர் பற்றையும் ஹலாலாக்கினேன் என்று சொல்லிக் கோடு கிழித்தாராம். பெயர்களை அடிக்கவில்லை, தொகையை மட்டுமே அடித்தார். அந்தப் பெயர்களில் நம் மார்க்கத்தார் மிகக் குறைவு. கடன் புத்தகம் அந்த வேற்றுமை பார்த்து எழுதப்பட்டதல்ல.

அப்போது ஒரு வாலிபர், நல்ல எண்ணத்துடன், "கடையையும் ஊரையும் சின்னதாகச் செய்து மேசையில் வைத்துவிடலாமா?" என்று கேட்டார். பெரியவர் தலையசைத்தார்.

"வேண்டாம் தம்பி. வைத்தால் அதையும் பகடை போட்டு இடிப்பீர்கள். ஆட்டம் தொடங்குமுன் யாராவது ஒருவர், இங்கே ஓர் ஊர் இருந்தது என்று சொல்லுங்கள். அது போதும்."

சகோதரர்களே, நாம் எழுத நினைத்த தீர்ப்பைவிட இது மேலானதாக நமக்குப் பட்டது. மேசைக் கணக்கு நேர்மையாகவே இருக்கலாம். எண்கள் சரியாகவே கூடலாம். ஆனால் ஏட்டில் ஏறாதது நடக்காததாகிவிடாது. சிப்பாய் விழுந்தால் பொம்மையை எடுத்துப் பெட்டியில் வைக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை அவன் எழுந்து நிற்கிறான். கடன் புத்தகத்தில் இருந்த பெயர்கள் எழுந்து நிற்கவில்லை. இந்த வித்தியாசம் மனத்தில் இருக்குமானால், இந்த விளையாட்டு சரித்திரத்தைக் கற்கும் ஒரு வழியாகும். அது மறந்துபோனால், பந்தயமே இல்லாவிட்டாலும், பிறர் உயிரைக் கொண்டு நாம் ஆடும் சூதாகிவிடும்.

இதை வாலிபர்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை. எங்கோ யுத்தம் என்று செய்தி வந்தால் நம் கடைகளில் முதலில் எழும் பேச்சு என்ன? எண்ணெய் விலை ஏறுமா, கப்பல் கூலி கூடுமா, வெள்ளியின் மதிப்பு இறங்குமா, இப்போதே சரக்கு வாங்கிப் போடலாமா என்பவைதாமே? கைத்தொலைபேசியில் குண்டு விழும் படத்தைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்கிறோம். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தர்க்கம் செய்கிறோம். விலை ஏறட்டும் என்று தானியத்தைப் பதுக்குவதை நம் மார்க்கம் வன்மையாகக் கண்டித்திருக்கிறது. கண்டித்த காரணம், அங்கே பிறர் துன்பம் நமக்கு லாபக் கணக்காகிவிடுகிறது என்பதே. அந்த வாலிபர்களாவது ஈயப் பொம்மையைத்தான் நகர்த்துகிறார்கள். நாமோ பல சமயங்களில், பொம்மையும் இல்லாமல், விதிப் புத்தகமும் இல்லாமல், நடுவரும் இல்லாமல் அதே ஆட்டத்தை ஆடுகிறோம். வாங்கும்போதும் விற்கும்போதும், இந்த விலைக்குப் பின்னால் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நம் கடமை. லாபத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. பெயரை மறக்காதிருக்கச் சொல்கிறோம்.

பெரியவர் பேரனுக்குக் கொடுக்கும் காசை நிறுத்தவில்லை. நிறுத்துவீர்களா என்று கேட்டோம், சிரித்தார். திரும்பும் வழியில் காரில் பேரன், "நன்னா, அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான். இருக்கிறது, அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன், செல்லரித்த பக்கங்களை ஜாக்கிரதையாகப் புரட்ட வேண்டும் என்றார். அடுத்த சனிக்கிழமை கிளப்புக்குப் போகுமுன் வந்து பார்க்கிறேன் என்றான்.

எவருடைய பெயரும் விட்டுப்போகாத ஏடு ஒன்று அல்லாஹ்விடம் உண்டு. அந்நாளில் அவன் நம் கணக்கை எளிதாக்குவானாக. ஆமீன்.